மு.வுக்கு ஒரு சிலை

ஜூலை 2, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தாயிற்று. முழங்கால் வலி, வலது பக்கம் அதிகம்.

சந்திரப்பா வந்தான். செஸ் அசோசியேஷன் தலைவன். தொழில், மனை விற்பது. யானை எப்படி நகரும் என்று கேட்டால் பாகனைத்தான் கேட்க வேண்டும் என்பான். இந்த மாசக் கடைசியில் மு. போய் ஒரு வருஷம். (முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் முனிரத்தினம் என்று முழுசாக எழுதக் கை கூசுகிறது.) சூளகிரிப் பக்கம் போட்டிருக்கும் லேஅவுட்டுக்கு ‘சாம்பியன் நகர்’ என்று பெயர் வைக்கிறானாம். நுழைவாயிலில் மு.வுக்கு மார்பளவுச் சிலை. கீழே ‘தேசிய சாம்பியன் பிறந்த மண்’. மு. பிறந்தது தர்மபுரி ஆஸ்பத்திரியில், சிமெண்ட் தரையில்.

“நீங்க மேடையில ஒக்காந்தா போதும்மா. ரெண்டு வார்த்தை பேசுங்க. கண்ணு கலங்குனா இன்னும் நல்லாருக்கும்.”

வெட்கமே இல்லாமல் சொன்னான். மு. படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள் எட்டிப் பார்க்காதவன். பிஸ்கட் வைத்தேன். ஐந்தும் தின்றான்.

ஜூலை 4, வெள்ளி

பேச வேண்டியதை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மு.வைப் பற்றி எனக்குத் தெரிந்தது:

இருபத்து மூன்று வயதில் தேசிய சாம்பியன். ஒரே தடவை.

அதை வைத்து ஓசூரில் கம்பெனி வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட்டு. ரிடயர் ஆகும்வரை அதே நாற்காலி.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக கிளப். தோற்றால் சாப்பிட மாட்டார். ஜெயித்தால் பேச மாட்டார்.

பிள்ளை பிறந்த அன்றும் கிளப்தான். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். கூட வேலை செய்த நர்சுகள் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள்.

குழந்தைகள் என்றால் ஆகாது. ‘இளம் வீரர்களை உருவாக்கிய ஆசான்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

இதில் எதைச் சொல்வது. பேப்பரை மடித்து ஆடும் மேஜைக் காலுக்குக் கீழே வைத்தேன். அதற்காவது ஆயிற்று.

சதீஷ் போன் செய்தான், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து. “அம்மா, டாடிக்கு இப்பதான் மரியாதை கெடைக்குது. நீ ஏதாச்சும் பேசிக் கெடுத்துடாத.” சாம்பியன் நகரில் ஒரு மூலை மனை இவனுக்கு ‘சலுகை’யில் பேசியிருக்கிறார்கள் என்பது மருமகள் வாயிலிருந்து தெரிந்தது. என் வயிற்றில் பிறந்தது.

ஜூலை 8, செவ்வாய்

சிலை பார்க்கக் கூட்டிப்போனார்கள். கிருஷ்ணகிரி ரோட்டில் தகரக் கொட்டகை. உப்பிய கன்னம். கழுத்தில் மடிப்பு. மு.வுக்குக் கன்னமே கிடையாது.

“இது யாருங்க?” என்று கேட்டேன்.

சிற்பிக்குச் சங்கடம். “போட்டோவுல ரொம்ப ஒல்லியா இருக்காருங்கம்மா. செலைன்னா கொஞ்சம் சதை வேணுங்க.”

சந்திரப்பா: “களை வந்துடுச்சு பாத்தீங்களா? ஏனம்மா, சென்னாகிதயா, நல்லாருக்கா?” இவனுக்கு சந்தோஷம் வந்தால் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. தமிழ் வியாபாரத்துக்கு.

சதீஷ் அந்த உப்பிய முகத்தோடு செல்ஃபி எடுத்தான். டாடி என்று தலைப்பு.

ஜூலை 11, வெள்ளி

விழாவில் போட ஒரு குறும்படமாம். எடுத்த பையன் லேப்டாப்போடு வந்தான். பெங்களூர்ப் பையன், காதில் கடுக்கன். தொழில் மட்டும் தெரியாது, நம்பிக்கைக்குக் குறைவில்லை.

படத்தில் மு. சாம்பியன் ஆகிறார். அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்கு இந்திய அணியில் பெயர் வருகிறது. அப்போது கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் சிவப்பு மையால் அந்தப் பெயரை அடிக்கிறார். பின்னால் இடிச்சத்தம். மு. மழையில் நிற்கிறார்.

“இந்த வாத்தியார் யாரு?”

“தேவராஜ் மாஸ்டர்ம்மா. காவேரிப்பட்டினம். அப்ப அசோசியேஷன் செக்ரட்டரி. அவர்தானே பேரை அடிச்சது?”

“யாரு சொன்னா?”

“முனிரத்தினம் சாரே சொல்வாராம். கிளப்ல எல்லாருக்கும் தெரியுமேம்மா.”

தண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது, படம் பிடித்துவிட்டது என்று.

ஜூலை 12, சனி

பக்கத்து வீட்டு மோட்டார் ஓயாத சத்தம்.

மு.வின் பெயரை ஒருவரும் அடிக்கவில்லை. டிக்கெட் வந்தது. டெல்லியில் பயிற்சி, அங்கிருந்து விமானம். கல்யாணம் ஆகி சில மாதம். நான்தான் பெட்டி அடுக்கினேன். பெங்களூர் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். சீட்டில் உட்கார்ந்தார், சன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம். வண்டி நகரும் நேரத்தில் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார். வண்டி போய்விட்டது.

முகமெல்லாம் வேர்வை. நான் நர்ஸ். கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி குருவி மாதிரி அடித்தது. “அந்த வெளிநாட்டுக்காரங்க முன்னாடி என்னால ஒக்கார முடியாது” என்றார். திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரைக்கும் பேசவில்லை. பிறகு, “கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.”

வீட்டுக்கு வருகிறவர்களிடம் ‘அரசியல்’ என்பார். என் காதுபட ஒரு பெயரும் சொன்னதில்லை. பயத்தை நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கிளப்பில் உட்கார்ந்து அந்த மாஸ்டரைத் தினமும் அறுத்திருக்கிறார்.

பயந்தவன் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இல்லை. இன்றைக்கு இருப்பதற்குக் கோபம் என்ற சொல் போதாது.

ஜூலை 15, செவ்வாய்

காவேரிப்பட்டினம் போய்வந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி. மாங்காய் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து.

தேவராஜ் மாஸ்டருக்கு எண்பது இருக்கும். காது மந்தம். மகள் கலா கூடவே இருக்கிறாள். மு.வின் பெண்டாட்டி என்றதும் கலா கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் அவளாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாஸ்டர்தான், “யாரும்மா? உள்ள வரச்சொல்லு” என்றார்.

சத்தமாகச் சொன்னேன், நடந்தது எல்லாம். ஸ்டேஷன், வேர்வை, பஸ்.

“தெரியும்மா. அவன் பேரை டெல்லிக்கு அனுப்புனதே நான்தானே.”

“ஏன் சார் மறுத்துச் சொல்லல?”

“சொன்னேன். நாலு பேருகிட்ட சொன்னேன். சாம்பியன் சொல்றது எடுபடுமா, எலிமெண்டரி ஸ்கூல் வாத்தி சொல்றது எடுபடுமா? அப்புறம் விட்டுட்டேன். இப்பப் போயி என்னாத்துக்கும்மா கெளர்ற?”

இதில் ஒரு பெரிய மனுஷத்தனம். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்க அந்த உண்மை இவர் ஒருத்தர் சொத்தா?

பஸ் ஸ்டாப் வரை கலா வந்தாள். “வருஷா வருஷம் லீவுல பசங்களுக்கு டோர்னமெண்ட் நடத்துவாருக்கா. எங்க பள்ளிக்கூடத்து மைதானத்துல, மரத்தடியில. ‘சாம்பியன கவுத்தவன் நடத்துறது’ன்னு பசங்கள அனுப்பாம விட்டாங்க. ஒரு வருஷம் ரெண்டே ரெண்டு பொண்ணுங்க வந்துச்சுங்க. அதுங்களுக்கு பன்னு வாங்கிக் குடுத்து அனுப்பிட்டு, போர்டெல்லாம் மூட்ட கட்டிட்டாரு. கடைசியில டீ வாங்கக்கூட அந்தப் பள்ளிக்கூடத் தெருவழியா போகமாட்டாரு.”

பஸ் வந்தது. அவள் அழவில்லை. நானும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

சந்திரப்பாவிடம் சொன்னேன், படத்திலிருந்து அந்த வாத்தியாரை எடுத்துவிடு என்று. உண்மையையும் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தான். “அம்மா, வில்லன் இல்லாம கதை நிக்காது. பயந்து எறங்கிட்டாருன்னு சொன்னா அங்க யாரும்மா மனை வாங்குவான்?”

சதீஷ்: “டாடி பேரக் கெடுக்கறதுல ஒனக்கு என்னம்மா சந்தோஷம்? அந்தாளு இன்னும் எத்தன நாளு இருக்கப்போறாரு?”

சாகப்போகிறவன் மேல் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், செத்தவன் மேல் ஒன்றும் சொல்லக்கூடாது. என்ன படிப்பு படிக்கவைத்தேன் இவனை.

மேடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். விழா முடிந்தது. எழுத்து கோணல்.

ஷாமியானா, செண்டை மேளம், குளிர்பானம். மந்திரி வரவில்லை, அவர் மச்சினன் வந்தார். சதுரங்கக் கட்டம் போட்ட கேக். பேசியவர் அத்தனை பேரும் மு.வுக்கு உயிர்நண்பர்கள். ஒருவர் ‘முனியப்பன்’ என்றே கடைசிவரை பேசினார்.

சிலையைத் திறந்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண், “இது யாரு, பழைய எம்.எல்.ஏ.வா?”

என்னைக் கூப்பிட்டார்கள். சால்வை. மைக்.

“என் வீட்டுக்காரர் நல்லா ஆடுவாரு. அது நெசம். வெளிநாடு போகாததுக்கு யாரும் காரணமில்ல. அவர் பேரை ஒருத்தரும் அடிக்கல. டிக்கெட் வந்துச்சு, ஸ்டேஷன் வரைக்கும் நான் கூடப் போனேன். வண்டி கெளம்பறப்ப எறங்கிட்டாரு. பயந்துட்டாரு. காவேரிப்பட்டினம் தேவராஜ் மாஸ்டர்தான் அவர் பேரை அனுப்புனவரு. அவர் மேல இத்தன வருஷமா சொன்னது பொய். சொன்னவரு என் வீட்டுக்காரரு. அவர் இல்ல, அதனால நான் சொல்றேன்.”

மேளக்காரன் ஒருத்தன் மட்டும் இருமினான்.

சந்திரப்பா மைக்கைப் பிடுங்கினான். “அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அனைவரும் சாப்பிட்டுத்தான் போகணும்!” படம் போடவில்லை. புரொஜெக்டர் கோளாறாம்.

சதீஷ் காரில் என்னை வாசலில் இறக்கிவிட்டான். கதவைச் சாத்திய விதத்தில் பதில் இருந்தது.

ஜூலை 30, புதன்

மேடையில் நான் பேசிய வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். மருமகளின் அக்கா வரைக்கும் விசாரித்தாயிற்று.

கிளப்பிலிருந்து ஒருவர் வந்தார். மு.வோடு இருபது வருஷம் ஆடியவர். உட்காரவில்லை. “செத்த மனுஷன ஏம்மா இப்பிடி?”

“மாஸ்டர் உயிரோடதானே இருக்காரு. அவர் வீட்டுக்கு ஒரு தடவ போயிருக்கீங்களா?”

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். செருப்பு மாட்ட இவ்வளவு நேரம் ஆகுமா ஒருவருக்கு.

சந்திரப்பா லேஅவுட்டுக்குப் பெயர் மாற்றிவிட்டான். ‘கிரீன் வேலி’. சிலை சாக்கு சுற்றி குடோனில். மீசை வைத்தால் வேறு யாருக்காவது ஆகும், அந்தக் கன்னத்துக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திதி. சதீஷ் வரவில்லை. நானே சமைத்தேன். வாழைக்காய் மட்டும் கொஞ்சம் கருகிவிட்டது.

இலையில் சோறு வைக்கும்போது அந்த நாடி ஞாபகம் வந்தது. இருபத்து நான்கு வயதுப் பையன். எனக்கும் அதே வயதுதான். அன்றைக்கு அப்படியே பயம் என்று சொல்லியிருந்தால் இரண்டு வாரம் சிரித்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு ஆளின் ஆயுசு. கணக்கில் புலி என்பார்கள் இவரை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மறுபடி தூறல். பல் டாக்டர், போகவில்லை.

மத்தியானம் கலா போன் செய்தாள். ஏசப்போகிறாள் என்றுதான் எடுத்தேன்.

“அக்கா, அப்பா போர்டையெல்லாம் எடுத்து வெயில்ல வெச்சிருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழம டோர்னமெண்ட். மரத்தடியிலயே. முப்பது பசங்க பேரு குடுத்திருக்காங்கோ.”

நல்லது என்றேன்.

“முனிரத்தினம் நினைவுப் போட்டின்னு வெச்சிருக்காரு.”

எனக்குத் தலைக்கேறியது. “ஒங்க அப்பாவுக்குப் புத்தி இல்லையா?” என்று கத்திவிட்டேன்.

கலா சிரித்தாள். “நானும் அதத்தான் கேட்டேன். ‘அவன் ஆடுன ஆட்டத்துக்கு வெக்கிறேன், நீ சும்மா இரு’ன்னாரு. நீங்க வரணுமாம். வந்து பேசணுமாம்.”

“பேசுனதெல்லாம் போதும். இனிமே என்ன இருக்கு?”

“புதுசா ஒண்ணும் வேணாமாம். மேடையில சொன்னதேதான். சாம்பியனா இருந்தும் பயந்தாரு, வண்டிய விட்டு எறங்குனாருன்னு. பசங்க அத மொதல்ல கேட்டுட்டு அப்புறம் ஆட ஒக்காரட்டும்ங்கிறாரு.”

போனை வைக்காமல் நின்றேன். அவளும் வைக்கவில்லை. பின்னால் மாஸ்டர் யாரையோ, குதிரை ஒன்று குறைகிறது, தேடு என்று அதட்டுவது கேட்டது.

வருகிறேன் என்றேன். குருபரப்பள்ளியில் ரோடு வேலை நடக்கிறது, நேரமாகும். முதல் பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும்.