இலுப்பை முளைத்த சேதி

மேலுலகத்தில் கொலு வீற்றிருக்கும் மச்சான் அவர்களுக்கு,

இன்று காலை அக்கா வைக்கோல் படப்பின் ஓரம் இலுப்பைப் பிண்ணாக்கை நெருப்பில் போட்டுப் புகை மூட்டினாள். பாம்பு அண்டாமல் இருக்கத்தான். அந்தப் புகைக்குப் பாம்பென்ன, கன்னிவாடி மலையில் இருக்கும் சகல ஜீவராசியும் மூட்டை முடிச்சோடு கிளம்பியிருக்கும். நான் மட்டும் நகராமல் நின்றேன். அது உங்கள் சட்டையின் வாடை.

உங்கள் தோட்டத்து எல்லையில், சாலையை ஒட்டி நின்ற அந்தக் கிழ இலுப்பையைப் பற்றி நான் ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தேன். பாண்டியர் யானைகள் அதில்தான் முதுகு சொறிந்துகொண்டன என்றேன். அதன் நிழலின் நுனி ஒட்டன்சத்திரம் சந்தையில் விழுவதால்தான் அங்கே தக்காளி வாடுவதில்லை என்றேன். "கொஞ்சம் கொறச்சுச் சொல்லு மாப்ள, நாளைக்கு நான்ல பதில் சொல்லணும்" என்பீர்கள்.

பொய்யே தேவைப்படாத மரம் அது. கோயில் விளக்குக்கும் உங்கள் முழங்கால் வலிக்கும் அதன் எண்ணெய்தான். அக்கா பூவை வறுத்துத் தருவாள். வாயில் போட்டால் உலர்ந்த திராட்சை மாதிரி இனிக்கும். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு, தலைக்குத் தேய்க்கவும் புகை போடவும்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அடிமரத்தில் வெள்ளைப் பட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் மிஞ்சிய இலுப்பை அது ஒன்றுதான். "மரம் போனாப் போகட்டும் மாப்ள. ஒரு கன்னு மிஞ்சுனாப் போதும்" என்றீர்கள்.

விதை சேர்ப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சோளமோ அவரையோ, நன்றாக வெயில் காட்டி, சாம்பல் பூசி, பானையில் மூடி வைப்பீர்கள். ஒன்றுகூடத் தப்பாது. இலுப்பைக் கொட்டைக்கும் அதே ராஜ மரியாதை. கல்லாகக் காயும்வரை மொட்டை மாடியில் கிடக்கும். புரட்டாசி மழைக்கு விதைத்தீர்கள், முளைக்கவில்லை. மறுவருடமும் முளைக்கவில்லை.

"பட்டத்து மரம் மச்சான், தங்கத்துல பாத்தி கேக்குது போல" என்று சீண்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"மரத்துக்கு வயசாயிருச்சு மாப்ள. எனக்கும்தேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், நான் உள்ளே நுழைந்ததும், "பாத்தியில ஏதாச்சும் தெரியுதா?" என்றுதான் கேட்டீர்கள்.

வைகாசியில் போய்விட்டீர்கள். ஆனியில் பழம் உதிர்ந்தது. பொறுக்க யாரும் போகவில்லை. அக்கா தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் கால் வரவில்லை. வௌவால்கள் பாட்டுக்குப் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டைகளை வாய்க்கால் ஓரத் தென்னைகளின் அடியில் போட்டிருக்கின்றன.

ஆடிக் கடைசியில் தேங்காய் வெட்ட ஆள் வந்தபோதுதான் போனோம். மட்டைக் குப்பைக்குள் செம்பு நிறத்தில் தளிர்கள். அக்கா குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏலே, இது இலுப்பையில்ல?"

"இலுப்பையேதேன்க்கா."

"யாரு வெதச்சா?"

"யாரும் வெதைக்கல. அள்ளிக் காயப்போடத்தேன் இந்த வருசம் ஆளில்லையே."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. மற்ற விதைகளைக் காப்பாற்றுகிற வெயில் இந்த விதையைக் கொன்றுவிடுகிறது. விழுந்த ஈரத்தோடு மண்ணுக்குள் போனால்தான் உயிர். மரத்துக்கு வயதாகவில்லை மச்சான். நாம்தான் விதையை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம்.

அக்கா ஒரு தளிரின் மேல் கிடந்த மட்டையை நகர்த்தி வைத்தாள். பிறகு, "அந்த மனுசன் இருந்திருந்தா இம்புட்டையும் அள்ளி மாடியில கொட்டியிருப்பாரு" என்றாள். நீங்கள் போன பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைய, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மரத்தைப் புரட்டாசியில் வெட்டிவிட்டார்கள். லாரிக்காரர், "என்ன வயசுங்க இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பாண்டியர் யானை எதையும் இழுத்து வரவில்லை.

கன்றுகள் சாண் உயரம் வந்துவிட்டன. வாய்க்கால் கரையில் நட்டு, ஆடு கடிக்காமல் முள் வைத்திருக்கிறோம். எனக்குத்தான் ஒரு கிறுக்கு ஒட்டிக்கொண்டது. நாவலோ சீத்தாவோ, எதைத் தின்றாலும் கொட்டையைத் துப்ப முடியவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டின் நட்டநடுவில் உங்கள் மாப்ள என்கிற பெரிய மனிதன் ஒருவன் உள்ளங்கைக்குள் கொட்டையை மூடிக்கொண்டு, அது காய்வதற்குள் எங்காவது கொஞ்சம் ஈர மண் கிடைக்காதா என்று தேடிக்கொண்டு நிற்கிறான்.