முதல் பக்கத்தில் ஒரு திருத்தம்

நேற்றுத் தபாலில் ஆஸ்துமா, ஒவ்வாமை மருத்துவர்களுக்கான செய்தி இதழ் வந்தது. பளபளப்பான தாள். புதிதாக வந்திருக்கும் மருந்துகள், அடுத்த மாதம் நடக்கப்போகும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, யார் யாருக்கு என்ன பதவி கிடைத்தது, எல்லாம் வண்ணப்படங்களோடு இருக்கிறது. நான் ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் இவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. உறையைக் கிழித்ததும் கையோடு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அடியில் பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது. ஒரு மருந்தின் அளவு போன இதழில் தவறாக அச்சாகிவிட்டதாம். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. நீ இருந்திருந்தால் அந்த ஆசிரியருக்கு இன்றைக்கே ஒரு கார்டு போட்டிருப்பாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

உன் மகள் போனில் சொன்னாள். கடைசி வரை மூச்சு சீராகத்தான் இருந்ததாம், இதயம்தான் நின்றுவிட்டதாம். அழுவதற்கு முன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொன்னால் உனக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிச் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நம் இருவரையும் ஒரே குவார்ட்டர்ஸில் போட்டார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம், நீ ஈரோட்டுப் பக்கம். குழம்பில் நான் தேங்காய் அரைத்து ஊற்றினால் உனக்கு ஆகாது, நீ வைக்கும் பருப்பு எனக்கு இறங்காது. லேடி டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 'நெஞ்சு நோய்க்காரர்களை நான் பார்க்கிறேன்' என்று போய்க் கேட்டு வாங்கியவள் நீ. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டேன். "எனக்குப் புடிச்சிருக்குது புள்ள" என்று மட்டும் சொன்னாய். நீ தலையணை இல்லாமல் பழைய சேலையை நான்காக மடித்து வைத்துப் படுப்பாய். அது உங்கள் ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்று கப்பலில் வரும். அங்கே அச்சாகி, இங்கே வந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். புதன்கிழமை மத்தியானம் நமக்கு ஓ.பி. கிடையாது. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் நீ அதை விரித்து வைத்துச் சத்தமாகப் படிப்பாய். இதழின் ஓரமெல்லாம் உன் பென்சில் குறியும் ரசக்கறையுமாக இருக்கும். ஒரு புதன்கிழமைதான் அந்த யோசனையைச் சொன்னாய்.

"குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம்னு சுத்துப்பட்டுல இருக்கற டாக்டருங்களுக்கெல்லாம் காலேஜ விட்டதோட படிப்பு முடிஞ்சுபோச்சு. நமக்கும் அப்படித்தான். இதுல வர்றத ரெண்டு பக்கமா அடிச்சு எல்லாருக்கும் அனுப்பலாமா?"

அப்படித்தான் 'மூச்சு' பிறந்தது. நாற்பது பிரதி. ஆங்கிலத்தில் டைப் அடித்த ஸ்டென்சிலைச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் போட்டு, கையெல்லாம் மையாகிச் சுற்றுவோம். இழுப்பு வந்து திணறுகிறவரைத் தூங்க வைக்க ஊசி போடாதீர்கள் என்று முதல் இதழில் எழுதினோம். இழுக்கும் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று நம்பாதீர்கள், அதுதான் ஆபத்து என்று இரண்டாவது இதழில் எழுதினோம். டாக்டர்களிடமிருந்து கார்டுகள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது இதழில் நான் தனியாக ஒரு கட்டுரை எழுதினேன். கப்பலில் வந்த இதழில், பூமிக்குள் ஆழமாக இறங்கி நிலக்கரி வெட்டும் தொழிலாளிகளைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, இழுப்பு உள்ளவர் எவரையும் எந்தச் சுரங்க வேலைக்கும் எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினேன். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அப்போது அவ்வளவு கர்வம். நீ ஸ்டென்சிலைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"அங்க பூமிக்குள்ள எறங்கறாங்க. இங்க திறந்த பள்ளம். தலைக்கு மேல வானம் தெரியுது, வெட்டுற கரியும் ஈரமா வருது. ரெண்டும் ஒண்ணா?"

"சுரங்கம்னா சுரங்கம்தான்" என்றேன். நீ மேலே பேசவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்காகப் பாதித் தவறு உன்னுடையது என்று பிற்பாடு நீயே எடுத்துக்கொண்டாய். அது உன் பெருந்தன்மை. தவறு முழுதும் என்னுடையதுதான்.

அடுத்த மாதம் முருகேசன் வந்தார். கான்ட்ராக்டில் வேலை செய்தவர். சுரங்கத்து மண்ணை ஏற்றிப்போகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப் போடும் வேலை. அவர் காலங்காலமாகக் கூலிக்கு உழுத வயல்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டன. வயல்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கூலிக்காரருக்குக் கிடைக்க என்ன இருக்கிறது? பர்மனெண்ட் வேலை ஒன்றுதான் அவருக்கு எதிர்பார்ப்பு. அந்த லிஸ்டில் அவர் பெயர் வந்து, உடல் தகுதி பார்க்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இரண்டு பக்கமும் விசில் அடித்தது. தகுதியில்லை என்று எழுதினேன். அதோடு விட்டேனா, ஆதாரமாக 'மூச்சு' மூன்றாவது இதழையும் சேர்த்துக் குத்தி அனுப்பினேன். நான் எழுதியதற்கு நானே சாட்சி.

மறுநாள் காலை அவர் மனைவி அஞ்சலை உன் ஓ.பி.யில் வந்து நின்றாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை.

"மைன்ஸ்ல மண்ணு வாரிகினு இருக்கற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. வூட்டுக்கு வந்து படுத்தாத்தாங்க இழுக்குது. வேலைய எதுக்குங்க நிறுத்துறீங்க?"

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னாய். எங்கே இழுக்கிறது, எங்கே இழுக்கவில்லை, ஊருக்குப் போனால் எப்படி, மழை நாளில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவள் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாய். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி, கூரை வீடுகளில் ஒன்று. உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தரை தெரியவில்லை. வீடு முழுக்க இலவம்பஞ்சு. அஞ்சலையும் இன்னும் இரண்டு பெண்களும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சிலிருந்து கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து வந்த முருகேசன் அதே அறையில் ஒரு மூலையில் படுத்திருந்தார். தூக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா ஜில்லாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குடியேறிக்கொண்டிருந்த சமயம். எல்லோருக்கும் மெத்தை வேண்டும், தலையணை வேண்டும். மெத்தைக் கடைக்காரர் மூட்டை மூட்டையாகப் பஞ்சை இந்த வீடுகளில் இறக்கியிருந்தார். மூட்டையில் இருந்த கடைப்பெயர் எனக்குத் தெரிந்த பெயர்தான். என் தலையணையும் அங்கே வாங்கியதுதான்.

இதைச் சொல்லத் திரும்பினேன். உன்னைக் காணவில்லை. நீ வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாய். ஒரு வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். சளி என்று நீ சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறேன். அந்த மடித்த சேலைக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. என்ன டாக்டர் நான் என்று வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நல்ல புத்தி உடனே வந்துவிடவில்லை. சர்டிபிகேட்டைச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"அத மாத்திரலாம். நாப்பது டாக்டருங்க கையில இருக்கற பேப்பர யாரு மாத்தறது?" என்றாய்.

முதலில் அஞ்சலையிடம் பேசிப் பஞ்சு மூட்டைகளை ஊர்க்கோடியில் இருந்த காலிக் கொட்டகைக்கு மாற்ற வைத்தாய். அவள் வருமானமும் போகவில்லை. பதினைந்து நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் சுரங்கத்து மேட்டில் நின்று முருகேசனின் முதுகில் மாறி மாறி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தோம். அங்கிருந்தவர்களுக்கெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது. நெஞ்சு சுத்தமாக இருந்தது. பிறகு நான்காவது இதழுக்கு ஸ்டென்சில் வெட்ட உட்கார்ந்தாய். திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் போடலாம் என்று நான் மன்றாடினேன். நீ முதல் பக்கத்தின் தலையில் போட்டாய். கம்பவுண்டர்களும் படிக்கட்டும் என்று அதை மட்டும் தமிழில் கையால் எழுதினாய். 'சென்ற இதழில் நாங்கள் எழுதியது தவறு. புழுதி நல்லது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் எது ஆகவில்லை என்று கேட்டுப் பார்க்காமல் வேலையைப் பறிக்கக் கூடாது.' 'நாங்கள்' என்று நீ எழுதியதைப் பார்த்தேன். அந்த ஸ்டென்சிலை நானே இயந்திரத்தில் மாட்டினேன்.

பெரிய டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நம்மைக் கூப்பிட்டார். இழுப்பு இருக்கிறவரைப் பர்மனெண்ட் ஆக்கினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். நீ நின்றபடியே சொன்னாய்.

"அப்ப என் பேரையும் எடுத்துடுங்க சார். எனக்குச் சின்ன வயசுலருந்தே இழுப்பு இருக்குது. நானும் இன்னும் பர்மனெண்ட் ஆகலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். உன்னை உட்காரச் சொன்னார். முருகேசனை இன்னொரு தடவை, இரண்டு டாக்டர்களாகப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். அடுத்த லிஸ்டில் அவர் பெயர் வந்தது. உன் பெயரையும் யாரும் எடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு நல்ல கதையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். நான்காவது இதழ் போன அதே வாரம் பண்ருட்டி டாக்டர் ஒருவரிடமிருந்து கார்டு வந்தது. எழுதியபோது அவர் கைக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மூன்றாவது இதழ் மிகவும் பயன்பட்டது, திருவதிகையிலிருந்து வந்த ஒருவருக்கு இழுப்பு இருந்தது, நெய்வேலியில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார், உங்கள் கட்டுரையைக் காட்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நன்றியோடு எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். வந்தவரின் பெயரை அந்த டாக்டர் குறித்து வைத்திருக்கவில்லை. முப்பது வயது இருக்கும், ஒல்லி, அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது. திருவதிகையில் கோயில் தெருவிலிருந்து கடைத்தெரு வரை விசாரித்தோம். டீக்கடைக்காரர் சிரித்தார்.

"ஒல்லியா, மூச்சு வாங்கிகினு ஒரு ஆளுன்னா, தெருவுக்கு ஒருத்தரு இருக்காங்கம்மா. நீங்க சொல்றவரு பொழப்பு தேடி எங்கியாச்சும் போயிருப்பாருங்க."

இன்னும் இரண்டு ஞாயிறு போனோம். கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு வந்த எல்லா இதழிலும் முதல் பக்கத்தின் தலையில் போன இதழின் தவறுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினோம். தவறு இல்லாத மாதத்திலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே அச்சடித்தோம்.

பிறகு நீ கல்யாணமாகி உன் ஊர்ப்பக்கம் போனாய். நான் சென்னைக்கு வந்தேன். 'மூச்சு' நின்றுபோனது. வருஷா வருஷம் பொங்கலுக்கு உன் கார்டு வரும். வாழ்த்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரி: 'திருவதிகைக்காரர் கிடைத்தாரா?' முதலில் சில வருஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். நீயும் அவரை மறக்கவில்லை, என்னைத் தனியாகச் சுமக்க விடவில்லை என்று புரியக் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது. 'இல்லை' என்று நான் பதில் போடுவேன். இந்தப் பொங்கலுக்குக் கார்டு வரவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் இங்கே ஒரு இலவச மருத்துவமனையில் உட்காருகிறேன். நோயாளி வந்து உட்கார்ந்ததும் எங்கே இழுக்கிறது, எங்கே இழுக்கவில்லை என்று நீ கேட்ட வரிசையிலேயே கேட்கிறேன். காத்திருப்பவர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வயதானவர், ஒல்லியானவர், மூச்சு வாங்குகிறவர் யாராவது வந்தால் மட்டும் இன்னொரு கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்கிறேன். செங்கல்பட்டு என்கிறார்கள், ஆரணி என்கிறார்கள், ஒருவர் கடலூர் என்றபோது கடலூரில் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை கேட்டேன். திருவதிகை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.