அலமாரிக்கு ஒரு வாக்கியம்

மார்ச் 4

அகராதி இன்னும் 'அ'விலேயே நிற்கிறது. கடன்சொற்கள் என் பொறுப்பு. இன்று 'அலமாரி'க்குச் சொல்லட்டை எழுதினேன். லத்தீனில் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடம். போர்த்துக்கீசியர் வாயில் அர்மாரியு. நம்மிடம் வந்து துணிமணிக்கு வீடாகிவிட்டது. இன்னொரு மொழியில் லெமாரி — அது மருமகனின் மொழி.

மருமகன் என்று எழுதிவிட்டேன். மகளின் கணவன் என்று திருத்தலாமா? இருக்கட்டும், மையில் எழுதியது.

மார்ச் 5

எடுத்துக்காட்டு வாக்கியம் அமையவில்லை. தலைவலி.

மார்ச் 9

அட்டை திரும்பி வந்துவிட்டது. எடுத்துக்காட்டு யாரோ உண்மையாகவே சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும், கீழே ஆதாரம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது மாறாத விதி. மெய்ப்புப் பார்க்கும் கண்ணாடிக்காரர் நீட்டினார்.

"என்னம்மா, இது யாரு சொன்னது? ஆதாரம் போடலையே."

என் கையெழுத்துதான்: 'மகள் போன நாளிலிருந்து அந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை.' எப்போது எழுதினேன்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாக்கியம்கூட நான் இட்டுக்கட்டியதில்லை. இதையும் இட்டுக்கட்டவில்லை, அதுதான் சங்கடம்.

"நான் சொன்னதுதான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர் உலகத்துச் சொல்லையெல்லாம் உள்ள சேர்க்கிறீங்க. அந்த மருமகப் பிள்ளைய மட்டும் வாசல்லயே நிக்க வச்சிட்டீங்களேம்மா."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவர் யார் என்னைக் கேட்க? — கேட்டதில் என்ன தப்பு?

மார்ச் 10

மூன்று வருடத்துக்கு முன் மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. "நம்ம பாஷை தெரியாதவன்கிட்ட நான் என்னடி பேசுறது?" என்றேன். அதற்கு ஆதாரம் நானேதான். அவள் துணியைக்கூட எடுக்காமல் போனாள். அலமாரியைப் பூட்டினதும் நான்தான்.

மார்ச் 14

லெமாரியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். அவன் எடுத்தான். தமிழில் பேசினான்! தட்டுத்தடுமாறித்தான்.

"அத்தை... அவ குளிக்கிறா."

வைத்துவிடலாம் போல இருந்தது. வாய்க்கு வந்தது அலமாரிதான், அதையே கேட்டேன்.

"லெமாரியா? துணி வைப்போம், புத்தகம் வைப்போம். ஃபிரிட்ஜ்கூட எங்க பாஷைல லெமாரிதான் அத்தை, ஐஸ் லெமாரி!" சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தமிழ் எப்படித் தெரியும் என்றேன்.

"உங்ககூட பேசணும்னு படிக்கிறேன். மூணு வருஷமா."

மூணு வருஷம்! நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?

மார்ச் 15

மகள் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அடுத்த மாதம் வருகிறார்கள்.

ஏப்ரல் 6

புது வாக்கியத்தோடு அட்டையைக் கொடுத்தேன்: 'அத்தை, இந்த அலமாரியில என் சட்டைக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?' ஆதாரம்: என் மருமகன், நேர்ப்பேச்சு, நேற்று.

கண்ணாடிக்காரர் இரண்டு முறை படித்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அலமாரியின் மேல்தட்டை மாப்பிள்ளைக்கு ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.