மெஷினைக் குறை சொன்னவருக்கு

என்னங்க,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. உப்பு குறைவுதான், மேலே தூவிக்கொள்ளாதீர்கள். குழாய் ரிப்பேர்காரர் வருவார், மாடிச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

நேற்று உங்கள் சிஆர்பி ஏறியிருக்கிறது என்றதும், "உன் லேப் மெஷின் பொய் சொல்லுது, என் இதயத்துல வச்ச ஸ்டென்ட் நல்லாத்தான் இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். ரத்தத்தில் சிஆர்பி ஏறினால் உடம்பில் எங்கோ அழற்சி என்று அர்த்தம். பல் ஈறாகவும் இருக்கலாம், இதயக் குழாயாகவும் இருக்கலாம். அதனால்தான் டாக்டரைப் பாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

இன்று காலை டியூட்டியில் உங்கள் வாயை அடைக்க வேண்டும் என்றே, நோயில்லாத ஆளின் ரத்தம் எப்படி வரும் என்று காட்ட, என் ரத்தத்தை எடுத்து அதே மெஷினில் போட்டேன். எனக்கு உங்களைவிட அதிகமாக வந்தது. மெஷினைத்தான் நானும் முதலில் திட்டினேன். அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சாம்பிளை ஓட்டிப் பார்த்தேன், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் இசிஜி எடுக்க வரச் சொன்னார், தங்க வேண்டியும் வரலாமாம். மாற்றுத்துணி எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஆட்டோ நிற்கிறது.

போனை சைலன்ட்டில் போடாதீர்கள்.

உங்களுக்கும் சேர்த்தே டோக்கன் போட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் கேட்ட பிறகுதான் யோசித்தேன். கொஞ்ச நாளாகவே மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது. உங்கள் மேல் இருக்கும் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.