கடைசி வரியில் அயிரைமீன் குழம்பு

தனிஸ்லாஸின் கருவிழிகள் மெலிந்து, கூம்பு போல முன்தள்ளிக்கொண்டே வருகின்றன. அதற்கான தனி லென்ஸுக்கு அளவெடுக்க ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று நேற்று ஒரே சண்டை. இன்று அவர் காலைப் பூசைக்குப் போயிருந்தபோது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய அவர் மனைவி ஆனிமேரி டீச்சர் காலண்டர் தாளின் பின்பக்கம் உள்ளங்கை அகல எழுத்தில் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கண்ணைக் கசக்காதீங்க."

அடுத்த வரியில் எழுத்து பாதியாகச் சுருங்கியது.

"எல்லாம் தெரியுதுன்னு சொல்லிட்டு, போன ஞாயிறு கோயில்ல வாசிக்கப் போயி, தவக்காலத்துல கிறிஸ்மஸ் வாசகத்தை மனப்பாடமா ஒப்பிச்சீங்களே! சாமியாரே சிரிச்சுட்டாரு."

இன்னும் சிறிதாக:

"அயிரைமீன் குழம்பை ஒளிச்சு வச்சிருக்கேன். இடம் கீழே இருக்கு. வாசிச்சுட்டா ஆஸ்பத்திரி வேண்டாம். போன் போட்டுக் கேட்டா, சாயங்காலம் என்கூட வரணும்."

எறும்பு எழுத்தில்:

"அரிசி டிரம்முக்குப் பின்னால."

தாளில் விளிம்பு மட்டும் மிச்சம். இதை அவரால் வாசிக்கவே முடியாது என்ற தைரியத்தில், கடுகிலும் சின்னதாக எழுதினாள்.

"நேத்து உங்களைக் குருடன்னு கத்துனது தப்புங்க. மன்னிச்சிருங்க."

மதியம் போன் வந்தது.

"என்ன, தோத்துட்டீங்களா?"

"குழம்பு பிரமாதம். சீட்டைப் போட்டோ எடுத்துப் பெருசாக்கிட்டேன்ல!"

ஆனிமேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆனாலும் சாயங்காலம் வாரேன், ஆனி. அந்தக் கடைசி வரியை ஒருக்க என் கண்ணாலயே வாசிக்கணும்."