பின்பக்கத்தில் விடை இல்லாத பாடம்

பாசிர் ரிஸ் புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. சாமான் கட்டுவதற்காக இன்று காலை என் கல்யாணப் புடவையை அலமாரியின் அடியிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்குத் தெரியாமல் நான் ஒளித்துவைத்த தாள், மடிப்புக்குள் அப்படியே இருந்தது. அப்படியே என்று சொல்லக்கூடாது. அதில் உங்கள் பென்சில் எழுத்து இருந்தது. அப்போதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கேட்கலாம் என்றால் நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

நம் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூட்டுவலியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்தவளுக்கு இருதயம் பலவீனமாக இருக்கிறது, இரண்டு வருடம் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே பாடம் நடத்துவது என்று முடிவு செய்தோம். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் புத்தகம் சுலபமாகக் கிடைத்தது. சரித்திரத்தில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. நான் பிராஸ் பசா சாலைப் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள், பின்பக்கத்தில் விடைகள். நீங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் ஒரு கட்டுத் தாளை வரவழைத்தீர்கள். பள்ளிக்கூடம் எட்டாத பண்ணைப் பிள்ளைகளுக்காக எழுதிய பாடத்திட்டமாம். அதில் விடை என்று ஒரு வரிகூட இல்லை. போ, பார், மூன்று பேரைக் கேள், அவர்கள் சொன்னதை எழுது, ஒத்துவராவிட்டால் அழிக்காதே. அவ்வளவுதான்.

"ஆட்டுப் பண்ணைப் பிள்ளைங்களுக்கு எழுதினத நம்ம பிள்ளைக்கா? நாம எட்டாவது மாடில இருக்கோம்" என்றேன்.

"பண்ணையோ பிளாட்டோ, கேள்வி கேக்கத் தெரியணும் லா" என்றீர்கள்.

"திரும்பி ஸ்கூலுக்குப் போனா வருசம் கேப்பாங்க, பேரு கேப்பாங்க. என்ன எழுதுவா?"

"அத ஒரு மாசத்துல மனப்பாடம் பண்ணிடலாம்."

இரண்டையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். என் புத்தகத்தை மடியில் வைத்தபடி அவள் தூங்கிப்போனாள். உங்கள் தாளை வைத்துக்கொண்டு, இந்த அடுக்குமாடி பிளாக் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைக் கேட்கப் போனவள், சாயங்காலம்தான் திரும்பினாள். அரை மனதோடு நான் விட்டுக்கொடுத்தேன்.

கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்ததும், ஒரு முனை நீலம் மறு முனை சிவப்பான அந்தப் பென்சிலோடு உட்காருவீர்கள். பதிலுக்கு நீலத்தில் ஒரு சரி. அதன் கீழே சிவப்பில் அடுத்த கேள்வி. எந்தப் பதிலையும் நீங்கள் கேள்வி இல்லாமல் விட்டதில்லை. பிள்ளை சில நாள் அழுவாள், ஆனாலும் அடுத்த நாள் கிளம்பிவிடுவாள்.

பிறகு வந்தது அந்தப் பாடம். உன் குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது? முதலில் உங்களைக் கேட்டாள். உங்கள் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக வந்தவர் என்றீர்கள். உங்கள் அக்காவும் அதையேதான் சொன்னார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பாவிடம் சொன்னதும் அதுதான். கிராணி மகன் என்றதும்தான் அவர் தலையாட்டினார்.

மூன்றாவது ஆள், தேக்காச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பெரியவர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நானும் அவளும் போயிருந்தோம். "யாரு, உன் தாத்தாவா? நல்லாத் தெரியுமே. என் பக்கத்து அறைதான், முனிசிபல் கூலிங்க லயன்ல. சாக்கடை வாருற வேலை. ஊர்ல விட்டுட்டு வந்த பையன் படிக்கணும்னு கிடந்து தவிப்பாரு" என்றார். ஸ்டெல்லா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அந்தத் தாளை அவள் நோட்டிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டேன்.

"இத அப்பாகிட்ட காட்டாத."

"அப்ப இந்தப் பாடம் எதுக்கும்மா?"

உங்கள் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டாம் என்று மட்டும்தான் தோன்றியது. கசக்கி எறியவும் மனம் வரவில்லை, பிள்ளையின் கையெழுத்து; புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீங்கள், "ரெண்டு பேருதான் இருக்கு, மூணாவது எங்க? வேலைய முடிக்காம வைக்காத" என்று அவளைக் கடிந்துகொண்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுக்காமல் திட்டை வாங்கிக்கொண்டாள். அதற்காக இன்றும் எனக்கு அவளிடம் வெட்கம்தான்.

இன்று காலை எடுத்த அந்தத் தாளில்தான் நீலத்தில் ஒரு சரி. கீழே சிவப்பில்: "அம்மாவைக் கேட்டாயா?"

எப்போது பார்த்தீர்கள்? அவளைக் கடிந்துகொண்ட அன்றைக்கா, பத்து வருடம் கழித்தா? சரி போட்டிருக்கிறீர்களே, பெரியவர் சொன்னதுதான் உண்மை என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தே என் அப்பாவிடம் கிராணி என்று சொன்னீர்களா, அல்லது உங்களையும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்களா? இன்று வேலை முடிந்து வந்த ஸ்டெல்லாவிடம் தாளைக் காட்டினேன். "நான் சொல்லலம்மா, சத்தியமா. ஆனா இது எனக்கு எழுதின மாதிரி இல்லியே. எனக்குன்னா என் நோட்டுல எழுதியிருப்பாங்க" என்றாள். எனக்கு எழுதியதென்றால், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு வாய் திறந்து கேட்பதற்கு என்ன? உங்கள் மேல் கோபமாக வருகிறது. அந்தக் கோபம் பாதியில் அழுகையாகிவிடுகிறது.

ஒருவேளை நீங்களும் என்னைப் போலவே, என் முகம் சுருங்கிவிடும் என்று பயந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாடத்திட்டத்தின்படி பார்த்தால், தெரியாததைத் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

அந்தப் பென்சில் துண்டு தையல் பெட்டியில் கிடந்தது. உங்கள் கேள்விக்குக் கீழே எழுதினேன்: "நான்காவது ஆள், அம்மா. உங்கள் அப்பா என்ன வேலை பார்த்திருந்தாலும் நான் உங்களைத்தான் கட்டியிருப்பேன்." தாளை ஸ்டெல்லாவின் நோட்டில், கிழித்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். பென்சிலும் பாசிர் ரிஸுக்கு வருகிறது. பதில் எழுதியாயிற்று. கீழே சிவப்பில் அடுத்த கேள்வி எழுதத்தான் ஆள் இல்லை.