செங்கற்சுவரும் என் மறுப்பும்

தப்ரீஸ்
ஆபான் மாத இறுதி

அன்பு மகன் ஆராஸுக்கு,

பனியே அறியாத அந்த ஊரில் நீயும் லாலேயும் குழந்தையும் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இறைவன் உங்களை அப்படியே வைத்திருக்கட்டும். உன் தாய்க்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நலமற்றுப் போயிருப்பது நம் வீட்டின் முன்சுவர். தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் படி.

சென்ற மாதம் உன் தாய்மாமன் காதிர் வந்தான். குளிர் தொடங்குமுன் சுவரைக் காப்பாற்றியாக வேண்டும், அது பிரிஸ்பேனிலிருந்து நீ எங்களுக்குத் தரும் பரிசு என்றான். செங்கல் இடுக்குகளையெல்லாம் சிமெண்டால் அடைத்து, மேலே வார்னிஷைப் பீய்ச்சியடித்தால் ஒரு சொட்டு நீர் இறங்காதாம். நான் வேண்டாம் என்றேன். நம் வீட்டுச் செங்கல் பழையது, மென்மையானது, மழையைக் குடித்துவிட்டுச் சுண்ணாம்பு இடுக்குகளின் வழியே மெல்ல வெளியே விட்டுவிடும், அந்த வழியை அடைத்தால் உள்ளே நிற்கும் நீர் உறையும்போது பருத்துச் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும் என்று விளக்கினேன். கட்டடப் பொருள்களைப் பற்றிக் கல்லூரியில் இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன் சொன்னது அது. அவன் சிரித்தான். "அத்தான், ஒரு டீ குடுத்தாக்கூட மூணு தடவை வேணாம்னு சொல்லிட்டுத்தானே கையில வாங்குவீங்க" என்றான். மீண்டும் வேண்டாம் என்றேன். உன் தாயின் பக்கம் திரும்பி, "பாரேன் அக்கா, இவருக்கு எவ்வளவு கூச்சம்" என்றான். இந்த ஊரில் மரியாதைக்காக மறுப்பதும், மறுத்தவனை மரியாதைக்காக வற்புறுத்துவதும் வழக்கம்தான். ஆனால் உபசாரத்துக்கு மறுப்பவன் செங்கல் நீர் உறிஞ்சும் விதத்தைக் கால்மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கமாட்டான்.

அதன்பின் நண்பர் ஒருவரின் துக்கத்துக்காக மராகே ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசல் வளைவிலிருந்து கூரை விளிம்புவரை காதிர் அடித்த வார்னிஷில் சுவர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வாரம் முழுவதும் மழை பெய்து, சுவர் குடிக்க முடிந்ததெல்லாம் குடித்து முடித்த பிறகு. எதிர்வீட்டு குல்பஹார் அம்மா சன்னலிலிருந்தபடி, "என்ன வாத்தியாரே, சுவருக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டப் போறீங்களா" என்று கேட்டாள். உன் தாயோ, "நம்ம பிள்ளை ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது, வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். இருந்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை, முதல் உறைபனி வந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் செங்கல்லின் முகங்கள் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து கிடந்தன. வார்னிஷ் ஒரு பக்கம் பளபளக்க, மறுபக்கம் ஈர மண்ணாக. உள்ளே, நீங்கள் வந்தால் படுக்கும் அறையில் சுவர் வியர்த்து, ஓரமெல்லாம் கறுத்திருக்கிறது. வாசல் வளைவைத் தாங்கும் நடுக்கல் இன்னும் நிற்கிறது, அதற்கு இருபுறமும் உள்ளவை முகம் இழந்துவிட்டன. ஒரு கடுங்குளிர் வந்தால் வளைவு நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சஹந்த் மலை உச்சி முதல் அடிவாரம் வரை பனியில் வெளுத்துவிட்டது.

இந்த நிலையில் கடந்த வெள்ளிக்கிழமை காதிர் பீய்ச்சும் இயந்திரத்தோடு மறுபடியும் வந்தான், வடக்குச் சுவரையும் முடித்துவிடுகிறேன் என்று. கூரை உத்தரங்கள் அத்தனையும் அமர்ந்திருப்பது அந்தச் சுவரில்தான் என்பதை நீ அறிவாய். படியில் கிடந்தவற்றைக் காட்டினேன். செங்கல்லே மட்டமானது, அதற்கு வார்னிஷ் என்ன செய்யும் என்றான். வேண்டாம் என்றேன். இயந்திரத்தின் குழாயைப் பிரித்துக்கொண்டே, "உங்க பையனே சொல்லிட்டான் அத்தான். அப்பா வேணாம்னுதான் சொல்வாரு, அதைக் காதுல போட்டுக்காதீங்க மாமா, வேலை முடிஞ்சதும் சந்தோஷப்படுவாருன்னு" என்றான். அப்போது உன் தாய் உள்ளிருந்து வந்தாள். "காதிர், அதைக் கீழ வை. இது டீக்குச் சொல்ற வேணாம் இல்ல. என் புருஷன் வேணாங்கிறாரு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றாள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் நீட்டிய தேநீரைத் தொடாமல் அவன் போனான். நேற்று அவன் மனைவி, ஆண்டின் மிக நீண்ட இரவில் குடும்பம் கூடும் சில்லே இரவுக்கு இந்த முறை தாங்கள் வரப்போவதில்லை என்று சொல்லியனுப்பினாள். திருமணமாகி வந்த நாள் முதல் அந்த இரவில் தம்பி வந்து தர்பூசணி வெட்டாமல் உன் தாய் சாப்பிட்டதில்லை. அவள் இன்னும் அழவில்லை. மாதுளையை உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சுவருக்கு ஆக வேண்டியதை நானே செய்கிறேன். சாரம் கட்டி, வெளிச்சம் இருக்கும்வரை இடுக்குச் சிமெண்டை உளியால் கொத்தி எடுக்கிறேன், ஈரம் வெளியேற வழி கிடைக்க வேண்டும். கூரை விளிம்பிலிருந்து தார்ப்பாயைச் சுவரில் ஒட்டாமல், காற்று நுழையும் அளவு இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். வளைவுக்கு மரமுட்டுக் கொடுத்தாயிற்று, பின்வாசல் வழியே போய்வருகிறோம். வசந்தத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக்கொள்ளலாம். எஞ்சியிருப்பதை என் உளியால் செய்ய முடியாது, ஆராஸ். என் சொல்லுக்குப் பொருளில்லை என்று காதிருக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. அவன் உன்னை நம்பினான், அதற்காக அவனை நான் வெறுக்க முடியவில்லை. இன்றே அவனைத் தொலைபேசியில் அழை. பிழை உன்னுடையது என்று சொல், வேடிக்கையாக அல்ல, எனக்குச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டும் அல்ல. என் சொல் நிற்பதற்காக உன் தாய் தன் தம்பியை வாசலிலிருந்து அனுப்பினாள். சுவரை நான் காப்பாற்றிக்கொள்கிறேன். தம்பியை அவளுக்கு நீ திருப்பிக் கொடு.

குழந்தைக்கு இருமல் வந்தால் அதிமதுரத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கும்படி லாலேயிடம் சொல். உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் கிடைக்க வேண்டுகிறேன். மறவாதே: முதலில் மாமாவை அழைக்க வேண்டும், அதன்பிறகு எங்களை.

உன் தந்தை
இஸ்கந்தர்